வர்க்கமூலம் காணும்போது ஏன் இரட்டிக்கிறோம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு நீள் வகுத்தல் முறையில் வர்க்கமூலம் காணச் சொல்லிக்கொடுக்கிறேன். வலப்புறத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கங்களாகப் பிரிப்பதும், ஒவ்வொரு படியிலும் ஈவை இரட்டித்துக்கொள்வதும் எனக்கு மனப்பாடம். ஆனால், “ஏன் இரட்டிக்க வேண்டும், மூன்று மடங்காக்கினால் என்ன?” என்று அவள் கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. கால்குலேட்டர் இருக்கும்போது இந்த முறை தேவைதானா?

– ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

விடை மட்டும் போதுமென்றால் தேவையில்லை. உங்கள் மகள் கேட்டதற்குப் பதில் வேண்டுமென்றால் தேவை.

2,09,764 சதுர அடி பரப்புள்ள சதுர மனை ஒன்றைத் தாளில் வரையச் சொல்லுங்கள். அதன் பக்கம் 400 அடிக்கு மேல், 500 அடிக்குள் இருக்கும். ஒரு மூலையில் 400 அடிச் சதுரத்தைக் குறித்துவிட்டால், 1,60,000 போக 49,764 மிஞ்சுகிறது. இந்த மிச்சம், குறித்த சதுரத்தின் இரண்டு பக்கங்களை ஒட்டிய இரண்டு பட்டைகளும், அவை கூடும் மூலையில் ஒரு சிறு சதுரமுமாக அமையும். பட்டைகள் இரண்டு என்பதால்தான் இரட்டிக்கிறோம். பட்டையின் அகலம் 50 அடி என்றால், இரண்டு பட்டைகளுக்கு 40,000, மூலைக்கு 2,500, ஆக 42,500 கழிகிறது. நோட்டில் 4-ஐ இரட்டித்து வந்த 8-க்குப் பக்கத்தில் 5 எழுதி 85 × 5 = 425 என்று போடுவது இதைத்தான்; பூச்சியங்களை எழுதாமல் விடுகிறோம், அவ்வளவே. மீதி 7,264. இப்போது 45-ஐ இரட்டித்தால் 90; 908 × 8 = 7,264. விடை 458.

பக்கம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்காகிறது. ஆகவே மூலத்தின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் எண்ணில் இரண்டு இலக்கங்கள் வேண்டியிருக்கின்றன. மூன்று மடங்கு வருவது கனமூலத்தில்: கனசதுரம் வளரும்போது அதன் மூன்று முகங்களில் பலகைகள் ஒட்டிக்கொள்வதால், அங்கே மூலத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்கி வகுக்கிறோம். கி.பி. 499-இல் இயற்றப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில் வர்க்கமூலமும் கனமூலமும் அடுத்தடுத்த இரண்டு பாடல்களில் வருகின்றன. மூலத்தின் இரு மடங்கால் வகுத்து, பிறகு ஈவின் வர்க்கத்தைத் தனியே கழிக்கச் சொல்கிறார் ஆரியபட்டர். நம் பள்ளி முறை அந்த இரண்டு படிகளையும் ஒன்றாக்கிவிட்டது.

இதே எண்ணைப் பகாக் காரணிப்படுத்த முயன்றால், நான்கால் வகுத்து 52,441-இல் வந்து நிற்பீர்கள். அது 229-இன் வர்க்கம். 229 பகா எண். அதைக் கண்டுபிடிக்க 3 முதல் ஒவ்வொரு பகா எண்ணாகப் போட்டுப் பார்க்கும் பொறுமை எனக்கில்லை.

பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, மேலே கண்ட 2,09,764-ஐ 20, 97, 64 என்று பிரித்து, 20-இல் 16 போக மிஞ்சும் 4-உடன் 97-ஐ இறக்கி 497 ஆனபின், 49-இல் எட்டு ஆறு தடவை போகும் என்று 6 போடுவது. 86 × 6 = 516, அது 497-ஐ மீறுகிறது; மூலைச் சதுரத்துக்கு இடம் விடாததன் விளைவு இது. மற்றொன்று பூச்சியம். 41,209-ஐ 4, 12, 09 என்று பிரித்து 2 போட்டபின், 41 × 1 கூட 12-இல் அடங்காது. அங்கே 0 எழுதி, 09-ஐ இறக்கி, 403 × 3 = 1,209 என்று முடிக்க வேண்டும். பூச்சியத்தை விட்டுவிட்டு 23 என்று எழுதுபவர்களே அதிகம். ஐந்து இலக்க எண்ணின் வர்க்கமூலத்துக்கு மூன்று இலக்கங்கள் இருந்தாக வேண்டும் என்று முதலிலேயே எண்ணிப் பார்த்துக்கொண்டால் இந்தப் பிழை வராது.