லினக்ஸை நீக்கிய பின் விண்டோஸ் எக்ஸ்பி துவங்காமல் போவது ஏன்?

கம்பம், குமுளி பக்கத்து ஏலக்காய்க் கடைகளில், பழைய கணக்கு மென்பொருளுக்காகவே எக்ஸ்பி கணினியை விடாமல் வைத்திருப்போர் உண்டு. அதில் லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவி, பிறகு அது இருந்த வன்தட்டுப் பகுதியை (பார்ட்டிஷன்) அழித்துவிட்டால், அடுத்த முறை கறுப்புத் திரையில் ‘கிரப் ரெஸ்கியூ’ என்று மட்டுமே தெரியும்.

வன்தட்டின் முதல் 512 பைட்டுகளுக்கு எம்பிஆர், அதாவது முதன்மைத் துவக்கப் பதிவு, என்று பெயர். அதன் தொடக்கத்தில் துவக்க நிரலும், பின்னால் 64 பைட்டில் பகுதிகளின் அட்டவணையும் இருக்கின்றன. லினக்ஸை நிறுவும்போது அந்த நிரலின் இடத்தில், லினக்ஸைத் துவக்கிவைக்கும் மென்பொருளான கிரப் தன் நிரலை எழுதிவிடுகிறது. கிரப்பின் மீதிக் கோப்புகள் லினக்ஸ் பகுதியில் இருப்பதால், அந்தப் பகுதி அழிந்ததும் கிரப் மேலே போக வழியின்றி நின்றுவிடுகிறது. கம்பத்தில் சாலை பிரியுமிடத்துப் பலகையை அழித்துவிட்டாலும் குமுளி இருந்த இடத்தில்தான் இருக்கும். வெளியூர் வண்டிக்குத்தான் வழி தெரியாது.

எக்ஸ்பி குறுந்தகட்டிலிருந்து கணினியைத் துவக்கி, முதல் திரையில் ‘ஆர்’ விசையை அழுத்தி, நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுத்து, ‘ஃபிக்ஸ்எம்பிஆர்’ என்ற கட்டளையை இட்டால் விண்டோஸின் துவக்க நிரல் மீண்டும் எழுதப்படும். பெரும்பாலும் இதுவே போதும். பகுதியின் சொந்தத் துவக்கப் பிரிவும் கெட்டிருந்தால் மட்டும் ‘ஃபிக்ஸ்பூட்’ தேவைப்படும்.

எக்ஸ்பி துவங்கவில்லை என்றதும் கணக்குகளும் அழிந்துவிட்டன என்று எண்ணிப் பலர் ஃபார்மேட் செய்யச் சம்மதித்துவிடுகிறார்கள். உண்மையில் மாறியது அந்தச் சிறு நிரல் மட்டுமே, எக்ஸ்பி பகுதியிலுள்ள கோப்புகள் அப்படியே இருக்கின்றன.