பெண் குழந்தைக்குப் பழத்தின் பெயரை வைக்கலாமா? அதிகம் கேள்விப்படாத பெயராக எதை வைக்கலாம்?

வைக்கலாம். நாங்கள் வைத்திருக்கிறோம். எங்கள் மூத்த மகளின் பெயர் நெல்லி. இப்போது அவளுக்கு ஏழு வயது. பிறந்து பதினெட்டு நாளான உங்கள் மகளுக்குப் பழம் சார்ந்த பெயர் வேண்டும், அது கனிமொழியைப் போல எங்கும் காதில் விழும் பெயராக இருக்கக் கூடாது, வளர்ந்த பிறகு அவள் உங்கள்மீது வருத்தப்படும்படியும் ஆகிவிடக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிபந்தனைகளோடு நானும் என் கணவரும் ஏறக்குறைய இரண்டு மாதம் பெயர் தேடினோம் என்பதால், இந்தப் பதிலைச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

தேடத் தொடங்கியவுடன் எங்களுக்குப் புரிந்தது, தமிழில் பழம் வேறு, கனி வேறு என்பதுதான். அகராதியில் இரண்டுக்கும் ஒரே பொருள் இருக்கலாம். வாயில் அப்படி இல்லை. பிள்ளைகள் சண்டையிட்டால் காய் விடுவார்கள், சமாதானமானால் பழம் விடுவார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசியவரைச் சிவப்பழம் என்பார்கள். சூதுவாது தெரியாத பையனை 'அவன் ஒரு பழம்' என்று சிரித்துக்கொண்டே ஒதுக்கிவிடுவார்கள். கனி என்னும் சொல்லுக்கோ மனம் கனிதல், கனிவு என்று அன்பின் பக்கமாகவே வளர்ச்சி. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் முத்துக்கனி, செல்லக்கனி, தங்கக்கனி என்று தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்குப் பெயர் வைத்தவர்கள் இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருக்கிறார்கள். (அப்துல் கனி என்ற பெயரில் வரும் கனி பழமன்று, செல்வம் மிக்கவன் என்னும் பொருளுடைய அரபுச் சொல். எங்கள் தெருவில் இதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் விவாதம் நடந்தது.) இந்தக் கனி வரிசைப் பெயர்கள் இன்று நகரத்துப் பிள்ளைகளிடம் அரிதாகிவிட்டன, ஆகவே பாட்டி காலத்துப் பெயர் என்ற தயக்கம் உங்களுக்கு இல்லையென்றால், அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்வதே மிக எளிய வழி. எங்களுக்கு அந்தத் தயக்கம் இருந்தது. பாட்டிகள் இருவரும் உயிரோடு இருந்ததால், ஒருவர் பெயரை வைத்தால் மற்றவர் வருந்துவார் என்பதும் ஒரு காரணம்.

அடுத்ததாகச் சந்தையில் கிடைக்கும் பழங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். பப்பாளி, அன்னாசி, சப்போட்டா ஆகியவற்றில் ஒன்றையும் ஒரு குழந்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கொய்யாவைப் பற்றியோ, அந்தச் சொல்லில் தொடங்கும் வசையைத் தமிழர் எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இவையெல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடந்த சில நூற்றாண்டுகளில் நம் நிலத்துக்கு வந்து சேர்ந்த பழங்கள். நம் கூடைக்குள் வந்துவிட்டனவே தவிர, பாட்டிலும் பழமொழியிலும் அவை இன்னும் ஆழமாக வேர் விடவில்லை. பெயரைக் கேட்டவுடன் தின்பண்டம் மட்டுமே நினைவுக்கு வருவது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. (சீத்தாப்பழமும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், வந்த இடத்தில் அது சீதையின் பெயரை வாங்கிக்கொண்டது. இங்கே பழத்துக்கு நாம் பெண் பெயரை வைத்திருக்கிறோம்.) அதற்குப் பிறகு நாங்கள் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டோம்: இந்தப் பழம் தின்பதைத் தவிர வேறு எதற்காவது நம் மொழியில் இடம்பெற்றிருக்கிறதா? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் பட்டியல் ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குக் குறைந்துவிட்டது.

ஆனால் பழைய சொல் என்பதற்காகவே எதையும் எடுத்துவிட முடியாது என்பதற்கு எங்களுக்கு நேர்ந்த ஏமாற்றங்களே சான்று. கதலி என்பது வாழையைக் குறிக்கும் அழகான சொல். ஆனால் ஆங்கில எழுத்தில் எழுதினால் அதற்கும் காதலிக்கும் வேறுபாடே தெரியாது, கல்லூரியில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியர் என்ன செய்வார் என்று எண்ணிப் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டோம். திருச்சிக்கு அருகில் உள்ள திருப்பைஞ்ஞீலிக் கோயிலில் வாழைதான் தலமரம். ஞீலி என்றால் ஒருவகை வாழை. யாருக்கும் இல்லாத பெயர் என்று ஒரு நாள் முழுவதும் மகிழ்ந்தேன். மறுநாள் என் தாயார் தொலைபேசியில், 'நீலியா? நீலிக் கண்ணீர் நீலியா?' என்று கேட்டதோடு அது முடிந்தது. கோவை என்றால் சிவந்த கோவைப்பழம் எவர் நினைவுக்கும் வரவில்லை, கோயம்புத்தூர்தான் வந்தது. நாவல் என்றதும் எந்த எழுத்தாளருடையது என்று என் கணவரின் நண்பர் கேட்டார். தீங்கனி என்பது இனிய கனிதான். கேட்பவர் காதில் முதலில் விழுவது தீங்கு. ரம்பாவும் வடமொழியில் வாழையைக் குறிப்பதே; அந்தப் பெயரை யாரோடு சேர்த்து நினைப்பார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அன்று. பிரான்சில் ஒரு தம்பதியர் தங்கள் மகளுக்கு ஸ்ட்ராபெரியைக் குறிக்கும் 'ஃப்ரேஸ்' என்ற பெயரை வைத்தபோது, அந்தச் சொல் இடம்பெறும் கொச்சைத் தொடர் ஒன்றைக் காட்டிப் பிள்ளை கேலிக்கு ஆளாவாள் என்று வாலன்சியென் நகர நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் அதை மறுத்துவிட்டது. பெற்றோர் 'ஃப்ரேசின்' என்னும் பழைய பெயருக்கு மாறிக்கொண்டார்கள். அதே நாட்டில் கிளெமென்டைன் என்ற பெயருக்குத் தடையே இல்லை. வேடிக்கை என்னவென்றால், கருணையைக் குறிக்கும் அந்தப் பெயர் பழத்திலிருந்து வந்ததன்று. அல்ஜீரியாவில் வாழ்ந்த கிளெமென்ட் என்னும் துறவியின் பெயரால் அந்தச் சிறு ஆரஞ்சு வகைதான் பிறகு கிளெமென்டைன் ஆயிற்று. ஜப்பானியர் பெண்களுக்கு வைக்கும் மோமோ என்ற பெயருக்குப் பீச் பழம் என்று பொருள். அதை நம் ஊரில் வைத்தால் தெருமுனைத் தள்ளுவண்டிக் கடையைத் தவிர வேறெதுவும் எவருக்கும் தோன்றாது. நம் நாட்டில் பெயரை மறுக்கும் நீதிபதி கிடையாது என்பதால், அந்த வேலையைப் பிறக்கும் முன்பே பாட்டிகளும் பிறந்த பின்பு பள்ளித் தோழர்களும் பார்த்துக்கொள்கிறார்கள்.

நெல்லிக்கு நாங்கள் வந்து சேர்ந்தது புறநானூற்றின் 91ஆம் பாட்டு வழியாக. பெருமலையின் பிளவில் ஏறுவதற்கு அரிய உச்சியிலிருந்து கிடைத்த நெல்லிக்கனியை, உண்டால் நெடுநாள் வாழலாம் என்ற அதன் பயனை வெளியே சொல்லாமல், தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்துவிடுகிறான். 'சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே' என்று அவர் வியந்து பாடுகிறார். பள்ளியில் இதை வள்ளல்தன்மைக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருந்தோம். மகள் பிறந்த பிறகு படித்தபோது எனக்கு அரசனைவிட ஔவையே பெரிதாகத் தெரிந்தார். தானே நெடுநாள் வாழ்வதைவிட ஒரு பெண் தன் புலமையோடு நெடுநாள் வாழட்டும் என்று ஒருவன் எண்ணிய பழம் அது. பெண் குழந்தைக்கு வைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பழம் தமிழில் இல்லை என்று நான் இன்றும் உறுதியாக நம்புகிறேன். நற்றிணையின் மூன்றாம் பாட்டில் சிற்றூர்ச் சிறுவர்கள் வேப்பமர நிழலில் அரங்கு கீறி நெல்லிக்காயை உருட்டி விளையாடுகிறார்கள். ஆக, அரசன் கையிலும் அது இருக்கிறது, புழுதியில் விளையாடும் பிள்ளை கையிலும் இருக்கிறது. சந்தைக்காரருக்கு அது காய், புலவருக்குக் கனி. கடிக்கும்போது புளிப்பும் துவர்ப்பும், பிறகு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இனிப்பு என்பதைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் பதில் முடியாது.

வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. என் மாமனார், 'நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டதைப் போல' என்னும் வழக்கைச் சொல்லி, ஒற்றுமையில்லாத குடும்பத்துக்குத்தான் அந்தப் பழத்தை உவமை சொல்வார்கள் என்றார். உடனே என் மாமியார், வாழ்க்கையில் அவரை மறுத்துப் பேசக் கிடைத்த அரிய வாய்ப்பு என்பதுபோல, 'உள்ளங்கை நெல்லிக்கனி என்றும்தானே சொல்கிறார்கள், அது தெளிவுக்கு உவமை இல்லையா?' என்று கேட்டார். அதற்கு மாமனாரிடம் மறுமொழி இல்லை. மகள் அனுஷ நட்சத்திரத்தில் பிறந்தவள். அதற்குரிய எழுத்துகள் ந, நி, நு, நே என்பதால் 'நெ' செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. வடமொழியில் எகரக் குறில் இல்லை, ஆகவே நெகரமும் நேகாரமும் ஒன்றுதான் என்று சோதிடரே சொல்லிவிட்டதால் அதுவும் தீர்ந்தது. தொட்டிலிடும் நாளில் என் நாத்தனார் குழந்தையின் காதில் மூன்று முறை அந்தப் பெயரைச் சொன்னபோது, கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் செல்லப்பெயர் என்று எண்ணி, உண்மையான பெயர் என்ன என்று எங்களிடம் கேட்டார்கள்.

இந்த ஏழு ஆண்டுகளில் பட்ட தொல்லைகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் தடுப்பூசி அட்டையில் தவறாகக் காதில் விழுந்தது என்று அவர்களாகவே முடிவு செய்து 'நளினி' என்று எழுதிவிட்டார்கள். ஓர் அலுவலகத்தில் 'நெல்லை' என்று தட்டச்சு செய்து, ஊரின் பெயரைத் தவறான கட்டத்தில் நிரப்பியிருக்கிறீர்கள் என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பள்ளியில் எதிர்பார்த்தபடியே நெல்லிக்காய், ஊறுகாய் என்ற கேலிகள் வந்தன; பள்ளி வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய நெல்லிக்காயைத் தோழிகள் அவளுக்கென்று வாங்கி வரத் தொடங்கிய பிறகு கேலி எப்போது நின்றது என்றே தெரியவில்லை. இரண்டாவது மகள் பிறந்ததும் அக்கம்பக்கத்தார் அவளை 'அரைநெல்லி' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்கு மதிவதனி என்று நல்ல பெயர் ஒன்று இருப்பதை நாங்கள்தாம் அவ்வப்போது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளைக்கு அரிய பெயர் வைத்தால் அடுத்த பிள்ளையையும் அது தொடும் என்பதை எவரும் எங்களிடம் முன்பே சொல்லவில்லை.

நெல்லி உங்களுக்குப் பிடிக்காவிட்டால், எங்கள் பட்டியலில் இரண்டாவதாக நின்ற பெயரைத் தருகிறேன்: தேமா. இனிய மாமரம், இனிய மா என்பது அதன் பொருள். 'நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா' என்று யாப்பிலக்கணத்தை வகுப்பில் ஒருசேர ஒப்பித்த எவருக்கும் அது பழக்கமான ஒலி. அந்தப் பெயரே இரண்டு நேரசைகளால் ஆனது என்பதால், அவள் பெயரைச் சொல்வதும் இலக்கணத்தைச் சொல்வதும் ஒன்றுதான். அந்தப் பாடம் நடக்கும் நாளில் வகுப்பு முழுவதும் அவளைத் திரும்பிப் பார்க்கும். தேமல் என்று கேலி செய்வார்கள் என்பதும், ஆங்கில எழுத்தில் எழுதினால் வெளிமாநிலத்தவர் 'தீமா' என்று வாசிப்பார்கள் என்பதும் குறைகள். இரண்டாவது குறைக்காகத்தான் நாங்கள் அதை விட்டோம், என் கணவரின் வேலை அடிக்கடி வெளிமாநிலத்துக்கு மாறக்கூடியது.

மாதுளை உங்களுக்கு விருப்பமானால் ருமானா இருக்கிறது. மாதுளைக்கு அரபு மொழியில் ரும்மான் என்று பெயர்; திருக்குர்ஆன் சொர்க்கத் தோட்டத்தின் கனிகளுள் ஒன்றாக அதைச் சொல்கிறது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் வழங்கும் பெயர் என்பதால் அங்கே அது அரிதன்று. மாம்பழ வகைகளின் பெயர்களையும் பாருங்கள் என்பேன். நீலம் என்ற வகையைத் தாயாகவும் தசேரியைத் தந்தையாகவும் கொண்டு தில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் உருவாக்கியது மல்லிகா. அந்த இணையை அப்படியே தலைகீழாக்கி உருவாக்கியது ஆம்ரபாலி. பின்னதன் பெயர் புத்தருக்குத் தன் மாந்தோப்பை அளித்த வைசாலி நகரத்து நடன மங்கையுடையது. பெற்றோர் இருவருக்கும் மாம்பழப் பித்து இருந்தால், இந்தப் பிறப்புக் கதையோடு வைக்கத்தக்க பெயர்கள் இவை.

அவசரப்பட வேண்டாம் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் பலர் அதற்குள் பெயரையும் முடிவு செய்தாக வேண்டும் என்று பதறுகிறார்கள். பெயர் இல்லாமலே பிறப்பைப் பதிவு செய்துகொள்ளலாம்; ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் சேர்த்த பெயரை மாற்றுவது பெரும்பாடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம். ஆகவே உங்களுக்கு இன்னும் பதினொரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. தேர்ந்த பெயரை ஒரு மாதம் வீட்டில் அழைத்துப் பாருங்கள், மொட்டை மாடியிலிருந்து தெருவை நோக்கி ஒரு முறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள், தொலைபேசியில் அறிமுகமில்லாத ஒருவரிடம் சொல்லி அவர் என்ன எழுதிக்கொண்டார் என்று கேளுங்கள். பதிவு செய்யப் போகும் நாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொன்னால் நளினி ஆகிவிடும்.