ஐந்து மாதக் குழந்தையுடன் முதல் சுற்றுலா: க்ரூகரா, டர்பனா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் இருக்கிறோம். டிசம்பர் விடுமுறையில் எங்கள் மகளுக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். மதுரையிலிருந்து மாமனாரும் மாமியாரும் வருகிறார்கள். அவர்களுக்கு விலங்குகளைக் காட்ட க்ரூகர் தேசியப் பூங்கா போகலாம் என்கிறார் கணவர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு காட்டுக்கா என்று எனக்குத் தயக்கம். டர்பன் கடற்கரை போதும் என்று தோன்றுகிறது. எது சரி? காரில் இடம் நெருக்கும், பாப்பாவை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்கிறார் அத்தை. அது பரவாயில்லையா? என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

பதில்: உங்கள் தயக்கம் சரியானதுதான். இந்த முறை க்ரூகர் வேண்டாம். காரணம் மலேரியா.

க்ரூகர் அமைந்திருக்கும் லிம்போப்போ, ம்புமலாங்கா தாழ்நிலப் பகுதியிலும், குவாசுலு-நட்டாலின் வடகோடியில் மொசாம்பிக் எல்லையை ஒட்டியும் மலேரியா உண்டு. செப்டம்பரில் தொடங்கி மே வரை அதன் பருவம். டிசம்பர் நட்டநடுவில் வருகிறது. இங்கே பெரும்பாலும் பரவுவது ஃபால்சிபாரம் வகை. கைக்குழந்தையிடம் அது ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாக முற்றிவிடலாம். அதனால்தான் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிப் போகாதீர்கள் என்று இந்நாட்டு மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

தடுப்பு மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமே என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். பெரியவர்களுக்குப் பரவலாகக் கொடுக்கும் டாக்சிசைக்ளினை எட்டு வயதுக்குக் கீழ் கொடுப்பதில்லை. மற்ற மருந்துகளுக்கு எடை வரம்பு இருக்கிறது. நீங்கள் மாத்திரை சாப்பிட்டுத் தாய்ப்பால் கொடுத்தாலும், பால் வழியாகப் போகும் அளவு குழந்தையைக் காப்பாற்றப் போதாது. பல அம்மாக்கள் போதும் என்று நம்பிக்கொண்டிருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

விலங்குகளைப் பார்க்க ஆசைப்படும் பெரியவர்களையும் ஏமாற்ற வேண்டியதில்லை. பிலானஸ்பெர்க் வனவிலங்குப் பூங்காவுக்குப் போங்கள். அங்கே மலேரியா இல்லை. மிட்ராண்டிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், காட்டெருமை ஐந்தும் அங்கே உண்டு. சொந்தக் காரிலேயே சுற்றலாம். திறந்த ஜீப்பில் கூட்டிப் போகும் சஃபாரிகளில் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளை ஏற்றுவதில்லை. அது தேவையும் இல்லை. வெயில் ஏறுவதற்கு முன், காலையில் வாசல் திறந்ததும் உள்ளே போய்விட்டு நடுப்பகலில் அறைக்குத் திரும்பிவிடுங்கள். புல்லில் உண்ணி இருக்கும், அதனால் பாப்பாவைத் தரையில் விட வேண்டாம்.

டர்பனிலும் மலேரியா இல்லை. ஆனால் சுமார் 570 கிலோமீட்டர். பெரியவர்கள் மட்டும் போனால் ஆறு மணி நேரம். ஐந்து மாதக் குழந்தையோடு எட்டு, ஒன்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் நடுவில் என்3 சாலையில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், வான் ரீனன் கணவாயில் மூடுபனியும் லாரிகளும். முதல் பயணத்துக்கு அது கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. டர்பன்தான் வேண்டுமென்றால் ஹாரிஸ்மித் பக்கம் ஓர் இரவு தங்கிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் விமானம்: சுமார் ஒரு மணி நேரம்தான். உள்நாட்டு விமானத்துக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள். விமானம் இறங்கும்போது பால் கொடுத்தால் காது அடைப்பு தெரியாது.

இப்போது அத்தையின் மடி. இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2015 மே முதல், மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையைக் குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். சட்டத்தை விடுங்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், ஏழு கிலோ குழந்தை எந்தக் கைக்கும் அடங்காத விசையோடு முன்னால் பாயும். அத்தை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் பிடி நழுவும். பெல்ட்டுக்குள் இருவரையும் சேர்த்துக் கட்டினால் பெரியவரின் உடம்பே குழந்தையை நசுக்கும். ஊரில் நாமெல்லாம் மடியில்தான் வளர்ந்தோம் என்பார், அன்போடுதான் சொல்வார். அவரிடம் வாதாடாதீர்கள், அந்த வேலையை உங்கள் கணவர் செய்யட்டும். புறப்படும் அன்றைக்கு வாசலில் நின்று சொல்லாமல், அவர்கள் வந்திறங்கிய வாரமே சொல்லிவிடட்டும். பின்சீட்டில் பாப்பா பக்கத்தில் அத்தையை உட்கார வைத்தால், கையைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வரலாம்; அழுகை பாதி குறையும்.

இருக்கை பின்சீட்டில், வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை ஒருபோதும் மாட்டாதீர்கள். வார் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும், தடிமனான சட்டை வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி வெளியே எடுத்துப் பால் கொடுங்கள். பூங்காவுக்குள்ளும் இதே விதிதான். சிங்கத்தைக் காட்ட ஜன்னலருகே தூக்கிப் பிடிக்க வேண்டாம். ஐந்து மாதக் குழந்தைக்குச் சிங்கமும் தெரியாது, தாத்தாவின் மூக்குக்கண்ணாடிதான் அதிசயம்.

அடுத்தது தூக்கம். உங்கள் பாப்பா வீட்டில் தூளியில் தூங்குகிறவளா? அப்படியென்றால் பயணத்தில் பெரிய சிரமம் அதுவாகத்தான் இருக்கும். விடுதி அறையில் தூளி கட்ட இடம் கிடையாது, நாற்காலியிலோ கம்பியிலோ கட்டிப் பார்ப்பது ஆபத்து. புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே, இரவில் கேம்ப் காட் என்னும் மடக்குத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துப் பழக்குங்கள். மெத்தை சமதளமாக, கெட்டியாக இருக்க வேண்டும். தலையணை, தளர்ந்த போர்வை எதுவும் வேண்டாம். விடுதியில் கேம்ப் காட் தருவார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் படுக்க வைப்பதைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் விரித்திருந்த விரிப்பைத் துவைக்காமல் எடுத்துப் போனால், பழகிய வாசனையில் சீக்கிரம் அடங்குவாள்.

வெயிலுக்கு நிழல்தான் மருந்து. ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை போதும். தள்ளுவண்டியைத் துணியால் மூடிவிடாதீர்கள், உள்ளே சூடு ஏறும். நிறுத்திய காரில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி அளவுக்கு வெப்பம் கூடிவிடும். தாகமாயிருக்கும் என்று யாராவது தண்ணீரோ ரூய்போஸ் தேநீரோ கொடுக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். நாக்கில் தேன் தடவுவது ஒரு வயது வரை கூடவே கூடாது. பவுடர் பால் என்றால், கொதிக்க வைத்த நீர் எழுபது டிகிரிக்குக் கீழ் இறங்குவதற்குள் கலக்கி, ஆற்றி, அப்போதே கொடுங்கள். வழியில் கலக்க நல்ல பிளாஸ்க் ஒன்று வேண்டும்.

பைக்கு வருவோம். டயப்பரையும் வைப்ஸையும் பிலானஸ்பெர்க்கை ஒட்டிய சன் சிட்டி பக்கமோ டர்பனிலோ வாங்கிக்கொள்ளலாம், மூட்டை கட்ட வேண்டாம். மறக்கக் கூடாதவை ரோட் டு ஹெல்த் புத்தகம் (பாப்பாவின் தடுப்பூசி, எடைப் பதிவேடு), வெப்பமானி, பாப்பாவின் எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவர் எழுதித் தந்த பாராசிட்டமால், மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஆறாவது மாதத் தட்டம்மைத் தடுப்பூசித் தேதி விடுமுறையோடு மோதுகிறதா என்று இப்போதே பாருங்கள். கொசுவலையும் எடுத்துக்கொள்ளுங்கள், மலேரியா இல்லாத இடத்திலும் கடி கடிதானே.

காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ விடிந்ததும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 10177, கைபேசியிலிருந்து 112. தங்குமிடத்துக்குப் பக்கத்தில் இருபத்து நான்கு மணி நேர மருத்துவமனை எது என்று முன்பதிவு செய்யும் அன்றே பார்த்து, வழியை இரண்டு கைபேசிகளிலும் சேமித்துவிடுங்கள். ஒருவேளை மாமனார் மட்டும் கணவரோடு க்ரூகர் போய் வந்தால், அவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பிறகோ ஒரு மாதத்துக்குப் பிறகோ காய்ச்சல் வரக்கூடும். அப்போது மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, அங்கே போயிருந்தோம் என்பதைத்தான்.