ஷிப்ட் மாறும் நேரத்தில் தகவல் ஏன் தொலைகிறது? – கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஆலையில் ஷிப்ட் பதிவேடு நாள் தவறாமல் எழுதப்படுகிறது. இருந்தும் இரவு ஷிப்டுக்கு வருபவர்கள் “எங்களிடம் யாரும் சொல்லவில்லை” என்கிறார்கள். குறை எங்கே இருக்கிறது, ஐயா?

பதில்: பதிவேட்டில் “பம்ப் பார்க்கப்பட்டது” என்று மட்டும் எழுதியிருந்தால், அடுத்து வருபவருக்கு அதனால் பயனில்லை. “மூன்றாம் பம்பின் பேரிங் சூடாகிறது, மாலை 4 மணிக்குக் கிரீஸ் வைத்தோம், இரவு 10 மணிக்கு மறுபடி பாருங்கள்” என்பதே ஒப்படைப்பு. அதையும் இயந்திரத்தின் அருகில் நின்று நேரில் சொல்ல வேண்டும். கேட்டவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் உயிரிழந்தனர். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்டில் கழற்றி, அந்த இடத்தை ஒரு தகட்டால் மூடியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டைச் சென்றடையாததால், மற்றொரு பம்ப் நின்றுபோனபோது இதையே இயக்கிவிட்டார்கள். பராமரிப்பு வேலைக்கு எழுத்தில் அனுமதி தரும் பெர்மிட் முறை அங்கேயும் இருக்கத்தான் செய்தது.

கேள்வி: வாட்ஸாப் குழுவில் தகவல் போட்டால் போதாதா?

பதில்: போதாது. நீல நிற டிக் விழுந்தால் செய்தி திறக்கப்பட்டது என்றுதான் பொருள்.

கேள்வி: எங்கள் தொழிலாளர்களில் பாதிப்பேர் இந்தி பேசுபவர்கள், மேற்பார்வையாளருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். என்ன செய்யலாம்?

பதில்: இரு மொழியும் அறிந்த ஒருவரை ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கச் செய்து, அந்தப் பொறுப்புக்குத் தனிப்படி கொடுங்கள், ஓசியில் மொழிபெயர்ப்பவர் அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுவார். அதோடு, பழுதான இயந்திரத்தின் சுவிட்சைப் பூட்டிச் சிவப்பு அட்டை தொங்கவிடுங்கள்.

கேள்வி: அனுபவமிக்க ஆபரேட்டர்களே கோளாறை மறைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இதற்கு என்ன வழி?

பதில்: கோளாறை எழுதியவரிடம் மறுநாள் காலை “யார் செய்தது?” என்று முதலில் கேட்பது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது மேலாளராகத்தான் இருக்கும். எழுதியதற்காக மெமோ கிடையாது, மறைத்தால் மட்டுமே உண்டு என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவித்து, முதல் பெரிய கோளாறு பதிவாகும் நாளில் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.