வேலை மாடியில், வருமானம் டாலரில்: வரி பற்றிக் கேள்வி பதில்

மேற்கு மாம்பலத்தில் 19 வருடமாக ஆடிட்டர் வேலை. முன்பெல்லாம் என் மேஜைக்கு வெளிநாட்டுப் பணம் என்று வந்தால் அது துபாய் மாப்பிள்ளை அனுப்பியதாக இருக்கும். இப்போது வீட்டு மாடியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து டாலர் சம்பாதிக்கிறவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். கணக்கு எல்லாம் 2025-26 நிதியாண்டுக்கு, புதிய வரி முறையில். 2026 ஏப்ரல் முதல் வரும் வருமானத்துக்குப் புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்ணும் ஃபார்ம் எண்ணும் அதில் மாறுகின்றன. கீழே இருப்பவை பழைய எண்கள்.

சார், நான் வேளச்சேரியில் இருந்து சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன். அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று மூன்று கிளையன்ட். யாரும் டிடிஎஸ் பிடிக்கவில்லை, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கை காலியாக இருக்கிறது. எந்த நாட்டுக்கு வரி கட்டுவது?

இந்தியாவுக்குத்தான் தம்பி. பணம் எங்கிருந்து வருகிறது என்பதை விட நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தால் நீங்கள் ரெசிடென்ட். அதிலும் வெளிநாட்டில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவராக இல்லாவிட்டால், உலகத்தின் எந்த மூலையில் சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும். 26ஏஎஸ் காலி என்றால் யாரும் வரி பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். அதை வைத்து வரியே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

உங்களுக்கு நல்ல செய்தியும் உண்டு. ஐ.டி. தொழில் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரும். மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும், கணக்குப் புத்தகம் வைக்க வேண்டாம். ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரவு வரை இது செல்லும். உங்களுக்கு எல்லாமே பேங்க் வழியாக வருவதால் கவலை இல்லை. வருடத்துக்கு 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதி 15 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு ஒன்றுமில்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 20,000, அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 40,000, மீதி 3 லட்சத்துக்கு 45,000. ஆக 1,05,000. செஸ் 4 சதவீதம் சேர்த்தால் 1,09,200. இதே 18 லட்சம் வரவு என்றால் வருமானம் 9 லட்சம். 12 லட்சத்துக்குள் இருப்பதால் 87ஏ பிரிவின் தள்ளுபடியில் வரி பூஜ்யம். இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே!

1,000 டாலருக்கு பில் போட்டேன். பிளாட்ஃபார்ம் 100 டாலர் கமிஷன் எடுத்துக்கொண்டது. கைக்கு வந்தது 900. எதைக் காட்டுவது? (ஆதம்பாக்கம்)

1,000. 44ஏடிஏ-இல் செலவெல்லாம் அந்த 50 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. கமிஷனைத் தனியாகக் கழித்துவிட்டு, மீதியில் பாதி போடுவது இரட்டைக் கழிவு. நிறைய பேர் செய்யும் தப்பு இது.

ஆடிட்டர் சார், அம்பத்தூரில் இருந்து சமையல் யூடியூப் சேனல் நடத்துகிறேன். வருடம் சுமார் 6 லட்சம் வருகிறது. அமெரிக்காவில் பார்ப்பவர்களால் வந்த பணத்தில் 15 சதவீதம் பிடித்துவிட்டார்கள். அதை இங்கே திரும்ப வாங்க முடியுமா?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் அம்மா, இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 2021 ஜூன் முதல் கூகுள் இந்த வரியைப் பிடிக்கிறது. அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் பங்கில் மட்டும்தான் பிடிப்பார்கள். உங்கள் வற்றல் குழம்பை மதுரையில் பார்த்தால் அதில் பிடிப்பு இல்லை. இந்தியா-அமெரிக்கா ஒப்பந்தப்படி 15 சதவீதம். ஒப்பந்தச் சலுகை கேட்காதவர்களுக்கு 30. வரி விவரமே கொடுக்காதவர்களுக்கு உலகம் முழுவதும் வந்த மொத்தத்திலும் 24 சதவீதம் வரை போய்விடும். அதனால் கூகுளுக்குக் கொடுக்கும் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரி ஃபார்மில் பான் எண்ணைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த ஃபார்ம் நிரந்தரம் கிடையாது, கையெழுத்திட்ட வருடத்துக்கு அப்புறம் மூன்றாவது வருட டிசம்பரில் காலாவதியாகிவிடும்.

இப்போது உங்கள் கேள்வி. 6 லட்சத்தில் அமெரிக்கப் பங்கு 80,000 என்று வையுங்கள். பிடித்தது 12,000, வந்தது 68,000. இங்கே காட்ட வேண்டியது 80,000-தான். அங்கே கட்டிய வரியை, ஃபார்ம் 67 போட்டு, இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வருமானத்துக்கு இங்கே வரும் வரி எவ்வளவோ அதுவரைதான். 12 லட்சத்துக்குள் இருப்பதால் உங்களுக்கு இங்கே வரி பூஜ்யம். பூஜ்யத்தில் எதைக் கழிப்பது? அந்த 12,000 போனது போனதுதான், நம் வருமான வரித் துறை அமெரிக்கா வாங்கிய பணத்தைத் திருப்பித் தராது. "ஃபார்ம் 67 போட்டு முழுசும் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது ஃபீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வருமானம் 20 லட்சத்தைத் தொடும் சேனல் என்றால் கதை வேறு. அப்போது அந்தக் கழிவு நிஜமான பணம், ஃபார்ம் 67 அவசியம்.

கோலாலம்பூர் கம்பெனிக்கு டெக்னிக்கல் வேலை செய்தேன். பில்லில் 10 சதவீதம் பிடித்துவிட்டார்கள். (தாம்பரம்)

மலேசிய ஒப்பந்தத்தில் தொழில்நுட்பச் சேவைக்கு அந்த விகிதம்தான், அவர்கள் செய்தது சரி. வரி கட்டியதற்கான சான்றை இப்போதே கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் கழித்துக் கேட்டால் அந்த அக்கவுன்டன்ட்டே வேலையில் இருக்க மாட்டார். வெளிநாட்டு வரிக் கழிவு கேட்பவர்கள் எளிய ரிட்டர்ன் ஃபார்மான ஐடிஆர்-4 போட முடியாது, ஐடிஆர்-3 போட வேண்டும். ரிட்டர்னுக்கு முன்பே ஃபார்ம் 67-ஐ ஏற்றிவிடுங்கள். டாலரோ ரிங்கிட்டோ, வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதக் கடைசி நாளில் ஸ்டேட் பேங்கின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (TT) வாங்கும் விலையில் ரூபாயாக மாற்ற வேண்டும்.

அண்ணா, கிளையன்ட் பணத்தை டொராண்டோவில் இருக்கும் என் சித்தி பையன் கணக்கில் போடுவார், அவன் எனக்கு அனுப்புவான். உறவினர் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லையாமே? (கே.கே. நகர்)

சித்தி உறவினர். சித்தி பையன் உறவினர் இல்லை! நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில் அவன் பெயர் முதல் வரிசையில் வரும், ஆனால் வருமான வரிச் சட்டத்தின் பட்டியலில் இல்லை. உறவினர் அல்லாதவர்களிடம் வருடத்துக்கு 50,000-க்கு மேல் வாங்கினால் முழுவதுக்கும் வரி. அது போகட்டும், இது அன்பளிப்பே கிடையாது, உங்கள் உழைப்புக்கு வந்த கூலி. அந்தப் பையன் கனடாவில் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டி வரும். இங்கே ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டமும் இருக்கிறது. நேரடியாக உங்கள் கணக்குக்கே வாங்குங்கள்.

இன்னொன்று. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒழுங்காக நேரடியாகவே பணம் வந்தது. பேங்க் கிளையில் யாரோ, பணம் எதற்கு வந்தது என்பதைக் குறிக்கும் பர்ப்பஸ் கோடை பி1301, அதாவது குடும்பப் பராமரிப்பு என்று போட்டுவிட்டார்கள். கணவரும் பிள்ளைகளும் கூடவே இருக்கும் பெண்மணி அவர். வெளிநாட்டில் இருந்து யார் பராமரிக்கிறார்கள்? அதை மாற்ற மூன்று கடிதம், இரண்டு மாதம். பணம் வந்த வாரமே வரவுச் சான்றை வாங்கி கோடைப் பாருங்கள். சாஃப்ட்வேர் ஆலோசனைக்கு பி0802.

ஐந்து மாதம் பாலியில் இருந்து வேலை செய்தேன். அந்தப் பணத்துக்கும் இங்கே வரியா? (அண்ணா நகர்)

ஆமாம். மீதி ஏழு மாதம் இங்கே இருந்திருக்கிறீர்கள், 182-ஐத் தாண்டிவிட்டது. பாலியில் கணக்கு ஏதாவது திறந்திருந்தால் அதையும் ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டுங்கள். அந்தப் பட்டியல் மட்டும் ஜனவரி-டிசம்பர் கணக்கு.

ஜிஎஸ்டி எடுக்கணுமா?

மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் எடுக்க வேண்டும், ஏற்றுமதியும் அதில் சேரும். எடுத்தாலும் ஏற்றுமதிச் சேவைக்கு வரி பூஜ்யம். வருடா வருடம் எல்யுடி என்ற உறுதிக் கடிதம் போட மறக்காதீர்கள்.

அட்வான்ஸ் டாக்ஸ் நாலு தவணையாமே?

மற்றவர்களுக்கு நாலு. 44ஏடிஏ-காரர்களுக்கு ஒரே தவணை, மார்ச் 15-க்குள். வரி 10,000 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இந்தப் பேச்சே. தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. சென்னை மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியும் உண்டு, அரசியல் சட்டப்படியே அது வருடத்துக்கு 2,500-ஐத் தாண்டாது. இதை மட்டும் யாரும் கேட்பதே இல்லை.

ஐயா, பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். பையன் ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளிநாட்டுக்கு வீடியோ எடிட்டிங் செய்கிறான். மாதம் 40,000 வருகிறது. என் பென்ஷனோடு சேர்த்து என் பானில் காட்டிவிடலாமா?

வேண்டாம் ஐயா. மேஜர் ஆன பையன் உழைத்த பணம் அவன் பானில், அவன் கணக்கில்தான் வர வேண்டும். வருடம் 4,80,000. செலவு போக 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் கட்டாயம், ஆனால் வரி ஒரு ரூபாய்கூட வராது. தாண்டாவிட்டாலும் போடச் சொல்லுங்கள். நாளைக்கு அவன் வீட்டுக் கடன் கேட்டுப் போனால் பேங்கில் முதலில் கேட்பது ரிட்டர்ன் நகல்களைத்தான். ஒருநாள் அவனையே அழைத்து வாருங்கள். காலையில் தூங்குகிற பையனை எழுப்ப வேண்டாம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நான் இருப்பேன்.