கோயில்பிள்ளைக்கும் உபதேசியாருக்கும் சம்பளம் பேசுவது தவறா?

‘எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு பங்குத்தந்தையின் கீழ் உள்ள கோயில் சமூகத்தில்) உபதேசியாருக்கும் கோயில்பிள்ளைக்கும் சம்பளத்தை உயர்த்தலாமே என்று கேட்டால், இது இறைப்பணி, இதற்குப் போய்ச் சம்பளம் பேசலாமா என்கிறார்கள். எது சரி?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் பேசலாம். நீங்கள் பங்கை நடத்த உதவும் மக்கள் குழுவான பங்குப் பேரவையில் அண்மையில்தான் சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகள் இருந்து பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்தைத் தாண்டியுள்ள ஒரு சிற்றூர்ப் பங்கில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவரின் மகள் நான். ஆகவே நடுநிலையோடு எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

பெரிய பங்குகளில் இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். கோயிலைத் திறப்பது, மணியடிப்பது, பீடத்தை ஒருக்குவது, திருவுடைகளைத் துவைத்து மடித்து வைப்பது எல்லாம் கோயில்பிள்ளையின் பொறுப்பு. மறைக்கல்வி நடத்துவது, படுத்த படுக்கையாய் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, குரு வர முடியாத ஞாயிறுகளில் கிளைக் கிராமங்களில் செபம் சொல்லிவைப்பது, கோயிலில் அறிவிக்கும் திருமண ஓலை எழுதுவதற்கு இரு வீட்டாரிடமும் விவரம் வாங்கி வருவது ஆகியவை உபதேசியாரின் பொறுப்பு. வருமானம் குறைந்த எங்கள் பங்கில் இரண்டும் என் அப்பாவின் தலையில்தான் விழுந்தன.

அவர் விடியற்காலை 4.30 மணிக்கு எழுந்தால்தான் 5 மணிக்கு முதல் மணி ஒலிக்கும். நள்ளிரவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் முதலில் தட்டுவது எங்கள் கதவைத்தான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரம், போன ஆண்டின் குருத்தோலைகளை வீடு வீடாகப் போய் வாங்கி வருவார். அவற்றை மண்சட்டியில் எரித்து, ஆறவிட்டு, அம்மாவின் பழைய வெள்ளைச் சேலைத் துணியில் இரண்டு முறை சலிப்பார். சாம்பலைத் தண்ணீரில் குழைத்தால் பூசிய இடம் சிலசமயம் எரியும் என்பதால், குழைத்ததும் தம் முன்கையில் கொஞ்சம் தடவிக்கொண்டு சற்று நேரம் காத்திருப்பார். அதற்குப் பிறகுதான் அந்தக் கிண்ணம் பீடத்துக்குப் போகும். மறுநாள் 400 பேர் நெற்றியில் பூசிக்கொண்டு வெளியே வருவார்கள். இப்படி ஒரு வேலை நடந்தது என்பது எங்கள் வீட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

2011-இல் முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏற முடியாமல் அவர் விலகியபோது, வாங்கிக்கொண்டிருந்த மாதச் சம்பளம் 2,800 ரூபாய். ஞாயிறு பூசையின் முடிவில் பொன்னாடை போர்த்தினார்கள், கைதட்டினார்கள், 10,000 ரூபாய் வைத்த உறை ஒன்றைக் கொடுத்தார்கள். கோயிலுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீட்டை இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். மருத்துவச் செலவுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்க அம்மா என்னைப் பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் கோபப்படவில்லை, பரிவோடுதான் சொன்னார்: “ஏம்மா, சாமி வேலைக்கு யாராச்சும் கணக்குப் பாப்பாங்களா? ஒங்கப்பாவுக்குக் கூலி மோட்சத்துல இருக்கு.” அப்போது கோபுர வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கு நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்களும் தொகைகளும் வாசலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. அங்கே கணக்குப் பார்ப்பது யாருக்கும் உறுத்தவில்லை.

திருச்சபையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்பி வர வேண்டாம். நான் இன்றும் அதே பங்கில்தான் இருக்கிறேன். அன்றைய பங்குத்தந்தையும் நல்லவர்; ஞாயிறு காணிக்கையை வைத்துக்கொண்டு மின்கட்டணம் கட்டவே திணறினார். முறையாகச் சம்பளம் கொடுக்கும் பங்குகள் இருக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். நான் சொல்வது ஒன்றுதான்: ‘இறைப்பணி’ என்ற சொல்லைக் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணமாகக் காட்டக் கூடாது.

இதை நானாகச் சொல்லவில்லை. 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 231-ஆம் பிரிவு, திருச்சபையின் தனிப்பட்ட பணிக்குத் தங்களைக் கொடுத்துள்ள பொதுநிலையினர் (குருக்களோ துறவியரோ அல்லாதவர்கள்) தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்கும் போதிய ஊதியம் பெறும் உரிமை உள்ளவர்கள் என்கிறது. நலவாழ்வுக்கும் முதுமைக்குமான பாதுகாப்பையும் சேர்த்தே சொல்கிறது. 1286-ஆம் பிரிவு, கோயில் சொத்தை நிர்வகிப்பவர்கள் ஆட்களை வேலைக்கு வைக்கும்போது நாட்டின் தொழிலாளர் சட்டங்களை மதித்து நியாயமான கூலி தர வேண்டும் என்கிறது. உங்கள் பேரவையில் விவரம் தெரிந்த ஒருவர் 230-ஆம் பிரிவை எடுத்துக் காட்டக்கூடும். வாசகர், பீடத்தில் குருவுக்கு உதவும் பீடத்துணைவர் என்ற திருப்பணிகளைப் பெறுவதால் மட்டுமே ஊதியம் கோரும் உரிமை வந்துவிடாது என்று அதில் இருப்பது உண்மைதான். 2021 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வி ஆசிரியர் பணியையும் அத்தகைய திருப்பணியாக ஏற்படுத்தினார். அதைக் காட்டி, உபதேசியாரும் இனி அப்படித்தான் என்று வாதாடுபவர்களும் உண்டு. ஞாயிறு மட்டும் வந்து வாசகம் வாசித்துவிட்டுப் போகிறவருக்கு அந்தப் பிரிவு பொருந்தும். விடியற்காலை முதல் இரவு வரை வேறு பிழைப்புக்கே போக முடியாமல் கோயிலில் கிடப்பவருக்கு அதற்கு அடுத்த பிரிவுதான் பொருந்தும்.

நாட்டின் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். வருங்கால வைப்பு நிதிக்குப் பொதுவாக 20 ஊழியர்களும் பணிக்கொடைக்கு 10 ஊழியர்களும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் ஒரு பங்கைத் தனியாக எடுத்துக்கொண்டால் இரண்டுமே எட்டாது. ஆகவே பேரவையாக முன்வந்து செய்தால்தான் உண்டு.

இவர்கள் வெறும் உதவியாட்கள்தானே என்ற எண்ணமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. 1606-இல் தத்துவ போதகர் என்ற இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்த நாளிலிருந்து குருக்களின் பெயர்களை நாம் வரிசையாகச் சொல்கிறோம். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, 1830-களின் பிற்பகுதியில் அச்சபையினர் திரும்பி வரும்வரை, குருக்கள் அரிதாகவே வந்துபோன ஊர்களில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிவைத்தவர்களும், சாகக்கிடந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர்களும் உபதேசியார்கள்தாம். அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உங்கள் கூட்டத்தில் மூன்று காரியங்களைக் கேளுங்கள்: என்னென்ன வேலை என்று எழுதிய நியமனக் கடிதம், வங்கிக் கணக்கில் வரும் சம்பளம், விலகும்போது கிடைக்கும்படி மாதாமாதம் அவர் பெயரில் ஒரு சேமிப்பு. பெருக்கித் துடைக்கும் பெண்களையும் தயவுசெய்து இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தொகை எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அப்பா 2017-இல் இறந்தார். அவருக்குப் பின் வந்தவர் சம்பளம் கட்டுப்படியாகாமல் திருப்பூருக்குப் போய்விட்டதால், கோயில்பிள்ளை என்று அப்போது யாரும் இல்லை. பீடச் சிறுவன் ஒருவன் துக்கமணி அடிக்கத் தெரியாமல் திருவிழா மணியைப் போல வேகமாக இழுத்துக்கொண்டிருந்தான். நான் போய்க் கயிற்றை வாங்கி, ஒரு மணியின் ஓசை முழுவதும் அடங்கிய பிறகே அடுத்ததை அடித்தேன். சிறுவயதில் அப்பாவின் பக்கத்தில் நின்று கற்றது அது. மறு ஆண்டு வந்த பங்குத்தந்தை 9,000 ரூபாய் என்று நிர்ணயித்து, கையெழுத்திட்ட கடிதத்தோடு ஒருவரை நியமித்தார். இப்போது நிதிக்குழுவில் நான் இருக்கிறேன். பழைய கணக்கு நோட்டுகளை எடுத்துப் பார்த்தபோது, 2011-இல் கோபுரத்துக்கு வந்த நன்கொடையில் 60,000 ரூபாய் செலவாகாமல் நான்கு ஆண்டுகள் வங்கியில் கிடந்திருப்பது தெரிந்தது. அம்மாவிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை.