புலம்பெயர் வாழ்க்கையைக் குறும்படமாக எடுக்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

வெளிநாடுகளில் வாழும் தமிழர், பிற ஆசியர் ஆகியோரின் தனிப்பட்ட போராட்டங்களைக் குறும்படமாக எடுக்க முயல்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஸ்கார்பரோவிலிருந்து: வணக்கம் அக்கா. ஒரு அப்பாவின்ர குடிப்பழக்கம்தான் கதை. ஊர்ச் சண்டை, கப்பலில வந்தது, இங்க வந்து ரெண்டு வேலை செய்தது, பிறகு குடி, பிறகு திருந்துறது எண்டு 22 பக்கம் எழுதிட்டன். எதை வெட்டுறது எண்டு தெரியேல்ல.

வழக்கமான திரைக்கதை வடிவத்தில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆக உங்கள் படம் 22 நிமிடம். நீளத்தைவிடப் பெரிய சிக்கல், அதற்குள் நான்கு படங்கள் இருப்பது. வெட்டுவதை நிறுத்திவிட்டு, அப்பாவின் வாழ்க்கையில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாளில் அவர் இதுவரை செய்யாத ஒரு செயலைச் செய்ய வேண்டும். இரவு வேலைக்குப் புறப்படும் முன் கார்ச் சாவியைத் தானாக மகளிடம் கொடுப்பது போதும். அந்தச் செயல் ஏன் அவருக்கு அவ்வளவு கடினம் என்பதைக் காட்டுவதற்குத்தான் மற்ற காட்சிகள். அதற்கு உதவாதது எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் வெளியே போகட்டும்.

பழைய நினைவுக் காட்சிகளை முதலில் நீக்கிவிடுங்கள். குழந்தை நடிகர், பழைய உடை, வேறு நிலம் என்று பணத்தில் பாதியை அவை விழுங்கிவிடும். படமும் அங்கே நின்றுபோகும். போரைக் காட்டாமலே அது அவருக்குள் இருப்பதை நடத்தையில் காட்டலாம். பட்டாசுச் சத்தம் கேட்டால் அவர் என்ன செய்கிறார், உணவகத்தில் எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்பதை எழுதுங்கள்.

இரண்டு படங்களைக் கட்டமைப்புக்காகவே பாருங்கள். டொரோண்டோவில் வளர்ந்த டோமி ஷி இயக்கிய 'பாவ்' (2018) எட்டு நிமிட அனிமேஷன். 2019இல் ஆஸ்கர் பெற்றது. பிள்ளை வீட்டை விட்டுப் போவதைத் தாங்க முடியாத சீனத் தாயின் மனநிலை முழுவதும், தான் வளர்த்த கொழுக்கட்டைப் பிள்ளையை அவர் வாயில் போட்டு விழுங்கிவிடும் ஒரே செயலில் வந்துவிடுகிறது. அதில் வசனமே இல்லை. பாபி ரூபியோவின் 'ஃப்ளோட்' (2019), பிலிப்பைன்ஸ் வம்சாவளித் தகப்பனும் மகனும் பற்றிய ஏழு நிமிடப் படம். 'நீ ஏன் சாதாரணமாக இருக்கக்கூடாது' என்று தகப்பன் கத்துவது மட்டும்தான் அதில் வசனம். மற்ற நேரமெல்லாம் பேச்சில்லாததால்தான் அந்த ஒரு வரி அவ்வளவு வலிக்கிறது. உங்கள் 22 பக்கத்தில் எத்தனை வரி வசனம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அதே நண்பர்: கடைசியில அவர் திருந்தினதைக் காட்டத்தானே வேணும்?

வேண்டியதில்லை. குடியிலிருந்து மீள்கிறவர்கள் பலமுறை வழுக்கி விழுவார்கள். கட்டிப்பிடித்து அழுது முடியும் படத்தை அந்த வழியில் நடந்தவர்கள் நம்ப மாட்டார்கள். முதல் உண்மையான அடியில் நிறுத்துங்கள். உதவியையும் அது நிஜத்தில் வருகிற மாதிரியே காட்டுங்கள்: தொலைபேசியில் காத்திருப்பு, பல வாரம் தள்ளிக் கிடைக்கும் முதல் சந்திப்பு, மருத்துவர் சொல்வதை மகள் தமிழில் பாதியாகக் குறைத்துச் சொல்வது. கடைசியாகச் சொன்ன காட்சி ஒன்றே ஒரு முழுக் குறும்படத்தைத் தாங்கும்.

தற்கொலை எண்ணம் கதையில் வந்தால் முறையைக் காட்டாதீர்கள், இடத்தையும் பொருளையும் நெருக்கமாக எடுக்காதீர்கள், கடிதத்தை வாசிக்க விடாதீர்கள். முடிவில் உதவி எண் போடுங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் 988, பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் 116 123.

பாரிஸ், லா சப்பலிலிருந்து: அகதி வழக்கு முடியாத ஒரு தம்பியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம். முகத்தைக் காட்டாமல் நிழலுருவமாக எடுத்தால் போதுமா?

போதாது. படம் பிடிக்கும் முன்பே அவருடைய வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஒஃப்ப்ராவிடம் (அகதி விண்ணப்பங்களை முடிவு செய்யும் பிரெஞ்சு அரசு அலுவலகம்) கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு மாதமும் உங்கள் படத்தில் வேறு மாதமும் வந்தால், மேல்முறையீட்டில் அதை முரண்பாடாகக் காட்ட இடமுண்டு. பயத்தில் தேதிகள் குழம்புவது இயல்பு. ஆனால் ஒளிப்பதிவு அழியாது. தேதி, ஊர், ஆட்களின் பெயர், வந்த வழி ஆகியவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். காத்திருக்கும் வாழ்க்கையை எடுங்கள். படத்துக்கு அதுதான் புதிது.

நிழலுருவத்தில் முகம் மறைந்தாலும் காது, தோள், நடை, கையிலுள்ள மோதிரம், தழும்பு எல்லாம் ஊரார் கண்ணுக்கு அடையாளம். ஜன்னல் கண்ணாடியிலும் கெட்டிலிலும் முகம் தெரிகிறதா என்று ஒவ்வொரு ஷாட்டிலும் பாருங்கள். குரலின் சுருதியை மட்டும் மாற்றுவது பாதுகாப்பல்ல. அதை எளிதாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். அவர் சொன்னதை எழுதி, வேறொருவரைக் கொண்டு பேச வைத்து, மூலக் குரலை எடிட்டிங் கோப்பிலிருந்தே நீக்குங்கள். செல்பேசியில் எடுத்தால் இடத்தைப் பதியும் வசதியை முதலிலேயே அணைத்துவிடுங்கள். மூலக் கோப்புகள் கடவுச்சொல்லால் பூட்டிய வன்தட்டில் இருக்கட்டும். கோப்பின் பெயரில் ஆளின் பெயர் வேண்டாம்.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கு முன் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். எடிட்டிங் பூட்டப்படும் நாள்வரை, அதாவது இனி மாற்றமில்லை என்று முடிவாகும்வரை, காரணம் சொல்லாமலே விலகலாம் என்று எழுதுங்கள். இணையத்தில் ஏறியபின் யாராலும் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். சாட்சியத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். பயணச் செலவும் அன்று இழந்த கூலியும் கொடுப்பது வேறு, அது கடமை.

ஹாரோவிலிருந்து: அக்கா, நடிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வசனம் பாதி ஆங்கிலம், பாதி தமிழ். சப்டைட்டிலும் குழப்பமாக இருக்கு.

வசனத்தை ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிடும். அதோடு ஊர்ப் பேச்சு தெரிந்த பெரியவர் ஒருவர் பேசிய ஒலிப்பதிவையும் கொடுங்கள். வரிக்கு வரி மனப்பாடம் செய்ய விடாதீர்கள். காட்சியின் நோக்கத்தைச் சொல்லி, அவர்கள் வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படிப் பேச வைத்து, அதிலிருந்து வசனத்தைத் திரும்ப எழுதுங்கள். அம்மா தமிழில் கேட்க, மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுதான் பல வீடுகளின் நிஜம். தமிழ் தடுமாறும் பாத்திரம் என்றால் அந்தத் தடுமாற்றத்தைத் திருத்தவே வேண்டாம்.

சப்டைட்டிலுக்கு அளவு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, நொடிக்கு 17 எழுத்துக்கு மேல் வேண்டாம். மிகச் சிறிய சொல்லும் ஒரு நொடிக்கு அருகில் நிற்க வேண்டும். ஏழு நொடிக்கு மேல் எதுவும் நிற்கக்கூடாது. நம் ஆட்கள் சண்டையில் வேகமாகப் பேசுவார்கள், எல்லாவற்றையும் மொழிபெயர்த்தால் பார்வையாளர் முகத்தையே பார்க்க மாட்டார். சாரத்தை மட்டும் எழுதுங்கள். ஷாட் மாறும் இடத்தைத் தாண்டி வரி நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்தில் சப்டைட்டில் போட்டால் 'கொ', 'கோ' போன்றவை உடைந்து, கொம்பு தனியாக நிற்பது வழக்கமான கோளாறு. அடோபி பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் எழுத்துப் பொறியைத் (Text Engine) தெற்காசிய, மத்திய கிழக்கு மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துரு போதும். ஏற்றுமதி செய்த கோப்பை வேறொரு கணினியில் முழுதாகப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

கிள்ளானிலிருந்து: வாடகை வீட்டின் வெள்ளைச் சுவர் முன்னால் நடிகர்களின் முகம் கறுத்துப் போகிறது. விளக்கைக் கூட்டினால் சுவர் வெளுத்துவிடுகிறது.

கேமரா தானாக ஒளியை அளந்தால் சுவரைத்தான் அளக்கும். கேமராவின் ஒளி அளவை நீங்களே கையால் அமையுங்கள், முகத்துக்கு ஒளியை அமைத்துவிட்டு சுவரின் ஒளியைக் குறையுங்கள். நடிகரைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டராவது முன்னே கொண்டுவாருங்கள். முகத்துக்கான விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். சுவரில் விழும் ஒளியைக் கறுப்புத் துணியால் தடுங்கள். சுவரில் அடர்நிறப் புடவையோ திரையோ தொங்கவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடர்ந்த நிறத் தோலுக்குச் சிறிய, கூரிய விளக்கைவிடப் பெரிய மெல்லிய ஒளி நல்லது; வெள்ளைப் படுக்கை விரிப்பை விளக்குக்கு முன்னே ஒரு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள், சூடாகும் விளக்கென்றால் இன்னும் தள்ளி. எடிட்டிங்கில் முகத்தை வெளிறச் செய்து சரிக்கட்டப் பார்க்காதீர்கள். நம் முகங்களை நம் நிறத்தில் காட்டுவதற்குத்தான் இந்தப் படங்களை எடுக்கிறோம்.

டொரோண்டோவிலிருந்து: பாதிப் படம் யாழ்ப்பாணம், பாதி இங்கே. யாழ்ப்பாணக் காட்சியில் டியூப் லைட் மினுங்குது. ஏன்?

மின்சாரத்தின் அலைவரிசை வேறு. இலங்கையில் 50 ஹெர்ட்ஸ், கனடாவில் 60. நொடிக்கு 24 பிரேமில் எடுத்தால் அங்கே ஷட்டர் 1/50 நொடி (ஷட்டர் கோணமாகச் சொன்னால் 172.8 பாகை), இங்கே 1/60 நொடி (144 பாகை). இரண்டு இடத்திலும் 24 பிரேமையே வையுங்கள், மாற்றினால் எடிட்டிங்கில் அசைவு துள்ளும். மலிவான எல்ஈடி விளக்குகள் இந்தக் கணக்குக்கும் அடங்காமல் மினுங்கக்கூடும். முதல் நாளே ஒரு நிமிடம் எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள்.

பனிக்காலத்தில் வெளியே எடுத்துவிட்டு உள்ளே வரும்போது, கேமராவை வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டிக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். இல்லாவிட்டால் லென்ஸில் நீர் கோத்துவிடும். உபரி பேட்டரிகள் சட்டையின் உள்பையில் இருக்கட்டும்.

நியூ ஜெர்சியிலிருந்து: மேடம், அம்மா சமைக்கும்போது பழைய சினிமாப் பாட்டு ஒன்றை முணுமுணுப்பதாக ஒரு சீன். பத்து செகண்டுதான். பிரச்சினை வருமா?

வரும். 'பத்து நொடிக்குள் என்றால் உரிமை தேவையில்லை' என்று ஒரு விதி கிடையாது. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள்: மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றொன்று. நடிகை தானே முணுமுணுத்தால் ஒலிப்பதிவு உரிமை தேவையில்லை, மெட்டுக்கும் வரிக்கும் தேவை. பல திரைப்பட விழாக்கள் உரிமை தெளிவாக உள்ளதென்று உங்களிடம் உறுதிமொழி வாங்கும். பாட்டியிடம் கேட்ட நாட்டுப்புறத் தாலாட்டு என்றால் தடையில்லை. தியாகராஜர் (1767–1847) கீர்த்தனையை நடிகையே பாடினாலும் தடையில்லை; ஆனால் ஒரு வித்வானின் இசைத்தட்டிலிருந்து அதை எடுத்தால் அந்த ஒலிப்பதிவுக்கு உரிமை வாங்க வேண்டும்.

சமையல் சீன் என்பதால் ஒன்று: குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சலை எடிட்டிங்கில் சுத்தமாக நீக்க முடியாது. டேக்குக்கு முன் அணைத்துவிட்டு, உங்கள் கார்ச் சாவியை அதற்குள்ளே வையுங்கள். திரும்பப் போட மறந்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. பட்டுப் புடவை மைக்கில் உரசும், பருத்தி கட்டச் சொல்லுங்கள். காட்சி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள்.

பலர் கேட்டது: எந்த விழாவுக்கு அனுப்புவது? யூடியூபில் எப்போது போடலாம்?

ஆசியப் புலம்பெயர்ந்தோர் படங்களுக்கென்றே உள்ளவற்றில் தொடங்குங்கள்: டொரோண்டோவின் ரீல் ஏசியன், சான் பிரான்சிஸ்கோவின் காம்ஃபெஸ்ட், லாஸ் ஏஞ்சலஸ் ஆசிய பசிபிக் திரைப்பட விழா, நியூயார்க்கில் 1978 முதல் நடக்கும் ஆசிய அமெரிக்க சர்வதேசத் திரைப்பட விழா. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குச் செருப்பை ஏன் வாசலில் கழற்றுகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்கர் விதிப்படி குறும்படம் என்றால் பெயர்ப்பட்டியல் உட்பட 40 நிமிடத்துக்குள். கான் திரைப்பட விழாவின் குறும்படப் போட்டிக்கு 15 நிமிடத்துக்குள். இடைப்பட்ட நீளங்களில் விழாவுக்கு இடம் கிடைப்பது கடினம். 25 நிமிடப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒரு நிகழ்ச்சியில் இரண்டு படங்களின் இடம் போய்விடும், அதனால் தேர்வுக்குழு தயங்கும். 12 நிமிடத்தில் நல்ல படம் முடியும். அனீல் காரியா இயக்கி, ரிஸ் அகமது நடித்து, 2022இல் ஆஸ்கர் வென்ற 'தி லாங் குட்பை' அந்த நீளம்தான்.

அனுப்பும்போது கடவுச்சொல் போட்ட இணைப்பைக் கொடுங்கள், விழா முடியும்வரை அந்தக் கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். யூடியூபில் முன்பே போட்டுவிட்டால் முதல் திரையிடல் கேட்கும் விழாக்கள் எடுக்காது. ஆஸ்கர் தகுதியும் போய்விடக்கூடும். விழாச் சுற்றுக்கு ஓராண்டு ஒதுக்கிவிட்டுப் பிறகு பொதுவில் போடுங்கள். அதற்கு முன்பு, படம் யாருடைய வாழ்க்கையிலிருந்து வந்ததோ அவருக்குத் தனியாகப் போட்டுக் காட்டிவிடுங்கள். அவர் மாற்றச் சொல்லும் இடத்தை மாற்ற எடிட்டிங் கோப்பு அதுவரை கையில் இருக்கட்டும்.